கிராமத்துச் சாலைகளில் புதிய மாரத்தான் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வயலும் குளமும் மலையும் தெரிகிற கிராமத்துச் சாலைகளில் ஒரு மாரத்தான் நடத்த வேண்டும் என்ற ஆசை சிறுநகர ஓட்டக் குழுக்களிடம் இப்போது பெருகி வருகிறது. பாதை வகுக்கவும் அளக்கவும் உதவிக்குப் போகும் இடங்களிலெல்லாம் ஓட்டக்காரர்களும் அமைப்பாளர்களும் ஊர்க்காரர்களும் கேட்கிற ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு தேவைப்படும் இடங்களில் தென்காசி, இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி வட்டாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமான அந்தப் பகுதியில் அழகுக்கும் குறைவில்லை, பாதை வகுப்பவருக்கு வரும் சிக்கல்களுக்கும் குறைவில்லை.

மாரத்தான்னா சரியா எவ்வளவு தூரம்? பத்து கிலோமீட்டர் ஓடினாலும் மாரத்தான்னுதானே போஸ்டர் ஒட்டுறாங்க?

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர், அதற்குக் குறைந்த எதுவும் மாரத்தான் ஆகாது. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடிய தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்குக்காக வகுக்கப்பட்ட 26 மைல் 385 கெஜத்தையே 1921இல் உலகத் தடகள அமைப்பு நிலையான தூரமாக ஏற்றுக்கொண்டது. அதன் பாதி அரை மாரத்தான். ஐந்து, பத்து கிலோமீட்டர் ஓட்டங்களும் நல்ல ஓட்டங்களே, ஆனால் அவற்றை அவற்றின் தூரத்தைச் சொல்லியே விளம்பரப்படுத்துவது முறை.

கூகுள் மேப்ல 42.2 வர்ற மாதிரி ஒரு ரூட் போட்டுட்டா போதாதா?

பாதையின் முதல் வரைவுக்கு அது போதும். போட்டி நடத்துவதற்குப் போதாது. வரைபடம் காட்டும் தூரம் ஏறத்தாழ சாலையின் நடுக்கோட்டைப் பின்பற்றியது, ஓட்டக்காரரோ வளைவுக்கு வளைவு உள்பக்கமாக வெட்டி ஓடுகிறார். கணக்கில் நூற்றுக்கு ஒன்று பிசகினாலும் மாரத்தானில் அது 420 மீட்டருக்கு மேல் வந்துவிடும்.

பெரிய நகரங்களே இதில் இடறியிருக்கின்றன. 1981 நியூயார்க் மாரத்தானில் ஆல்பெர்ட்டோ சலசார் 2 மணி 8 நிமிடம் 13 நொடியில் ஓடியது உலகச் சாதனையாகக் கொண்டாடப்பட்டது. பிறகு மீண்டும் அளந்தபோது அந்தப் பாதை 148 மீட்டர் குறைவு என்று தெரிந்தது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 2013 முதல் 2015 வரை மூன்று ஆண்டுகள் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்ததாகக் கண்டுபிடித்தபோது, ஏறத்தாழ 24,000 பேரின் நேரங்கள் மாரத்தான் நேரங்களாக மதிக்கப்படாமல் போயின. பல மாதம் பயிற்சி செய்து ஓடி முடித்த ஒருவரிடம் ‘நீங்கள் ஓடியது மாரத்தான் அல்ல’ என்று பின்னாளில் சொல்ல நேர்வதைவிடப் பெரிய அநீதி ஒரு அமைப்பாளர் செய்யக்கூடியதாக எனக்குத் தெரியவில்லை.

சைக்கிள்ல அளக்கிறாங்களே, ஜிபிஎஸ் இருக்கிற காலத்துல அது எதுக்கு?

அதைவிடத் துல்லியமாகவும் செலவு குறைவாகவும் ஒரு நீண்ட சாலையை அளக்கும் முறை இன்னும் வரவில்லை என்பதால்தான். சைக்கிளின் முன்சக்கர அச்சில் ஜோன்ஸ் கவுன்ட்டர் என்ற சிறு எண்ணியைப் பொருத்துவார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு தந்தையும் மகனும் உருவாக்கிய கருவி அது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அது இருபதுக்கு மேற்பட்ட எண்ணிக்கைகளைக் காட்டுவதால், ஒவ்வொரு எண்ணும் சாலையில் ஏறத்தாழ பத்து சென்டிமீட்டரைக் குறிக்கும்.

அளவுக்கு முன்பு, நேரான தார்ச்சாலையில் குறைந்தது 300 மீட்டர் நீளத்தை எஃகு நாடாவால் அளந்து, இரு முனைகளிலும் ஆணி அடித்து, வெப்பத்தால் நாடா நீளும் அளவையும் கணக்கில் திருத்திக்கொள்வார்கள். அந்த நீளத்தின் மேல் நான்கு முறை சைக்கிளை ஓட்டி, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண்ணிக்கை என்று குறித்துக்கொண்ட பிறகே பாதையை அளக்கத் தொடங்குவார்கள். அளந்து முடித்த கையோடு அதே நீளத்தில் இன்னும் நான்கு முறை ஓட்ட வேண்டும். விடியற்காலையில் குளிர்ந்திருந்த டயர் ஒன்பது மணி வெயிலில் சற்றே விரிந்துவிடுவதால் எண்ணிக்கை மாறியிருக்கும், அந்த மாற்றத்தைக் கணக்கில் கொண்டுவருவதற்காகத்தான் இரண்டாம் முறை. டயரில் முள் குத்திக் காற்று இறங்கிவிட்டால் அதுவரை அளந்தது வீண். கருவேல முள் நிறைந்த நம் ஓரச் சாலைகளில் இது நடக்கவே நடக்கும் என்பதால் ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கி வைப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு மீட்டரைச் சேர்த்தே பாதையை அமைப்பார்கள். எனவே முறையாக அளந்த மாரத்தான் பாதை 42.195 கிலோமீட்டரைவிட ஏறத்தாழ 42 மீட்டர் கூடுதலாகவே இருக்கும். பாதை தவறியும் குறைந்துவிடக் கூடாது என்பதற்கான காப்பு அது.

ரோட்டு நடுவுல அளக்கணுமா, ஓரத்துல அளக்கணுமா?

ஓட்டக்காரர் ஓட அனுமதிக்கப்பட்ட அகலத்துக்குள் மிகக் குறுகிய வழி எதுவோ, அதில் அளக்க வேண்டும். வளைவின் உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிச் சென்று, அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் இருந்தால் சாலையைக் குறுக்கே நேர்கோட்டில் கடந்து போக வேண்டும். கண்மாய்க் கரையைச் சுற்றியும் தோப்புகளுக்கு நடுவேயும் நெளிந்து செல்லும் சாலைகளில் இந்த வழிக்கும் நடுக்கோட்டுக்கும் உள்ள வேறுபாடு நகரச் சாலைகளைவிடப் பெரிதாக இருக்கும்.

இங்கேதான் ஒரு முடிவை முன்கூட்டியே எடுத்தாக வேண்டும்: போட்டி நாளில் முழுச் சாலையும் ஓட்டக்காரருக்கா, இடப்பக்கம் மட்டுமா? பாதிச் சாலைக்கு என்று அளந்துவிட்டு, அன்றைக்குச் சாலையைப் பிரிக்கும் கூம்புகளை வைக்க மறந்து முழுச் சாலையையும் திறந்துவிட்டால், எல்லோரும் வளைவுகளை வெட்டி ஓடுவார்கள், பாதை குறைந்துவிடும். திரும்பும் இடத்துக் கூம்பும் அப்படித்தான். 2021இல் பிரைட்டன் மாரத்தானில் ஒரு கூம்பு இடம் மாறியதால் அத்தனை பேரும் 568 மீட்டர் கூடுதலாக ஓட நேர்ந்தது. திரும்பும் புள்ளியைச் சாலையில் ஆணியாலும் பெயின்ட்டாலும் குறித்து, அருகிலுள்ள மின்கம்பத்தின் எண்ணையும் அதிலிருந்து இத்தனை மீட்டர் என்பதையும் எழுதி வைத்து, அளந்தவரே போட்டி நாள் காலையில் நேரில் வந்து பார்ப்பது அவசியம்.

என் வாட்ச் 42.7 காட்டிச்சு. பாதையைத் தப்பா அளந்துட்டாங்களா?

பெரும்பாலும் இல்லை. மேலே சொன்ன குறுகிய வழியில் யாருமே 42 கிலோமீட்டரும் ஓடுவதில்லை. தண்ணீர் எடுக்க ஓரம் போகிறோம், ஒருவரைத் தாண்டிச் செல்ல விலகுகிறோம், வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றுகிறோம். அத்துடன் காப்புக்காகச் சேர்த்த 42 மீட்டரும், செயற்கைக்கோள் சமிக்ஞை மரநிழலிலும் மலையோரத்திலும் தடுமாறுவதும் சேர்கின்றன. வாட்ச் 42.3 முதல் 42.8 வரை காட்டுவது இயல்பே. பலருடைய வாட்ச்களும் 42.195ஐவிடக் குறைவாகக் காட்டினால்தான் ஐயப்பட வேண்டும்.

ஒரு ஊர்ல ஆரம்பிச்சு இன்னொரு ஊர்ல முடிக்கிறதா, சுத்தி வர்றதா, போய்த் திரும்புறதா? எது நல்லது?

பார்க்க அழகானது ஊர்விட்டு ஊர் செல்லும் நேர்ப்பாதை, நடத்த எளிதானது போய்த் திரும்பும் பாதை. நேர்ப்பாதையில் ஓட்டக்காரர்களை அதிகாலையில் பேருந்தில் ஏற்றித் தொடக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அவர்களுடைய பைகளை முடிவிடத்துக்குக் கொண்டுவர வேண்டும். போய்த் திரும்பும் பாதையில் ஒரே தண்ணீர் நிலையம் இருமுறை பயன்படும், மூட வேண்டிய சாலையும் பாதிதான். ஆனால் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய சாலையில் எதிரெதிராக ஓட இடம் போதாது, பார்த்த காட்சியையே திரும்பவும் பார்க்க வேண்டியிருக்கும்.

நான் முதலில் பரிந்துரைப்பது ஒரு பெரிய சுற்றுப்பாதையும் அதிலிருந்து கிளையாகப் பிரிந்து திரும்பும் ஒரு சிறு பகுதியும். எங்கள் எடுத்துக்காட்டு வட்டாரத்தில், தென்காசியிலிருந்து இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி, வடகரைப் பக்கமாகச் சுற்றி வருவது போன்ற அமைப்பு. அளவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கிளையின் நீளத்தை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம். தொடக்கத்தையும் முடிவையும் அசைக்க வேண்டியதில்லை.

செங்கோட்டையில ஆரம்பிச்சு கிழக்கே ஓடினா காத்தும் தள்ளும், இறக்கமும் இருக்கும். ரெக்கார்டு வருமே?

வேகம் வரலாம், அது சாதனையாகப் பதிவாகாது. உலகச் சாதனைக்குத் தகுதி பெற, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உள்ள நேர்கோட்டுத் தொலைவு போட்டித் தூரத்தின் பாதிக்கு, அதாவது ஏறத்தாழ 21.1 கிலோமீட்டருக்கு, மிகாமல் இருக்க வேண்டும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான உயர இறக்கம் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டருக்கு, அதாவது மாரத்தானில் 42 மீட்டருக்கு, மிகக் கூடாது. முதல் விதி காற்றுக்காக, இரண்டாவது இறக்கத்துக்காக.

அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தான் இரண்டு விதிகளுக்கும் வெளியே இருக்கிறது. 2011இல் ஜெஃப்ரி முத்தாய் பின்காற்றின் துணையோடு அங்கே 2 மணி 3 நிமிடம் 2 நொடியில் ஓடினார். அன்றைய உலகச் சாதனையைவிட அது 57 நொடி குறைவு, ஆனாலும் சாதனையாக ஏற்கப்படவில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றைத் தெரிந்தவர்களுக்கு அந்த விதியின் நியாயம் சொல்லாமலே விளங்கும். ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டிலும் இதே கணவாய்க் காற்றை நம்பித்தான் காற்றாலைகள் நிற்கின்றன.

அப்போ கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குற மாதிரி போட்டா கூட்டம் வரும்ல?

வரும், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீண்ட இறக்கத்தில் தொடைத் தசைகள் ஒவ்வொரு அடியிலும் உடலின் எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாதவருக்கு முப்பதாவது கிலோமீட்டருக்குள் கால் இறுகிவிடும். பாஸ்டன் மாரத்தானில் சேரத் தேவையான தகுதி நேரத்துக்காக ஓடுகிறவர்களுக்கும் இது இனிக் கைகொடுக்காது. 2027 பாஸ்டன் மாரத்தானிலிருந்து, தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலான இறக்கம் 1,500 அடி அல்லது அதற்கு மேல் உள்ள பாதைகளில் ஓடிய நேரத்தோடு ஐந்து நிமிடமும், 3,000 அடியிலிருந்து பத்து நிமிடமும் கூட்டிக் கணக்கிடுவார்கள். 6,000 அடியை எட்டும் பாதைகளை ஏற்கவே மாட்டார்கள்.

எத்தனை மணிக்கு ஆரம்பிக்கணும்? இருட்டுல ஓடினா இயற்கைக் காட்சின்னு சொன்னதுக்கு என்ன அர்த்தம்?

இந்தக் கேள்வியைக் கேட்காமலே வகுக்கப்படும் பாதைகள்தான் அதிகம். கிராமப்புறப் பாதையை வகுப்பவர் வரைபடத்தைப் பார்க்கும் நேரத்தைவிட அதிகமாகக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். நம் ஊர் வெயிலில் மாரத்தானை நாலரை மணிக்காவது தொடங்கியாக வேண்டும். தை மாதத்தில் தென்காசிப் பக்கம் ஆறரை மணிக்குத்தான் நன்றாக வெளுக்கும். அதற்குள் நான்கு மணி நேரத்தில் முடிக்கக்கூடியவர் 21 கிலோமீட்டரும், ஐந்து மணி நேரக்காரர் 17 கிலோமீட்டரும், ஆறு மணி நேரக்காரர் 14 கிலோமீட்டரும் ஓடியிருப்பார்கள். முதல் 14 கிலோமீட்டரை ஏறத்தாழ யாருமே வெளிச்சத்தில் பார்ப்பதில்லை.

ஆகவே நெடுஞ்சாலைப் பகுதி, ஊருக்குள் தெருவிளக்கு உள்ள பகுதி, தொழிற்கூடங்கள் உள்ள பகுதி எல்லாவற்றையும் முதல் பதினைந்து கிலோமீட்டரில் வைத்துவிடலாம். இருட்டில் நல்ல தார்ச்சாலையும் விளக்கும்தான் முக்கியம். குளக்கரை, வயல்வெளி, மலையடிவாரம் ஆகியவை இருபதாவது கிலோமீட்டருக்குப் பிறகு வர வேண்டும். எட்டரை மணிக்குப் பிறகு ஓடிக்கொண்டிருக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மெதுவாக ஓடுபவர்களும் முதல்முறைக்காரர்களும்தான், அவர்களுக்குக் காட்சியைவிட நிழல் தேவை. கடைசிப் பத்து கிலோமீட்டரைப் புளியமரங்களோ தென்னந்தோப்போ உள்ள சாலையில் அமைத்தால், அந்த ஒரு முடிவே பலரைக் காப்பாற்றும்.

திசையையும் பார்க்க வேண்டும். ஏழு மணிக்கு மேல் கிழக்கு நோக்கி ஓடினால் தாழ்ந்த சூரியன் கண்ணில் குத்தும், எதிரே வரும் வண்டியும் தெரியாது. அதே நேரத்தில் மேற்கு நோக்கி ஓடினால் வெயில் முதுகில் விழும், எதிரே மலை முழுவதும் காலை ஒளியில் துலங்கும். அடிவாரத்துப் பாதைகளில் அந்த ஒரு மணி நேரத்தை மலையைப் பார்த்தபடி ஓடுமாறு அமைப்பது, ஓட்டக்காரருக்கு நாம் தரக்கூடிய மிகச் சிறந்த பரிசு.

எந்த மாசம் வைக்கலாம்? குற்றால சீசன்லயே வைக்கலாமே, சாரலும் இருக்கும்.

சாரல் ஓடுவதற்கு இனிமையானதுதான். ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் குற்றாலச் சாலையை மூடுவதற்கு எந்த அதிகாரியும் ஒப்ப மாட்டார். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களுக்குக் கேரளத்திலிருந்தும் மக்கள் வரும் காலமும் அதுவே. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குச் செல்லும் வண்டிகள் செங்கோட்டை, புளியரை வழியாகப் போகத் தொடங்கி, தை முதல் நாள் மகரவிளக்கு வரை ஓயாது. மார்ச்சில் வெயில் ஏறிவிடும். எஞ்சுவது ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரி முற்பகுதியும்தான்.

அந்தச் சில வாரங்களுக்குள்ளும் பஞ்சாங்கத்தைத் திறந்து பார்த்தே தேதி குறிக்க வேண்டும். தைமாத ஞாயிறு முகூர்த்த நாளாக அமைந்துவிட்டால், விடியற்காலையிலேயே மண்டபங்களுக்குப் போகும் வேன்களை யாராலும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. தைப்பூசத்தை ஒட்டிப் பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரத்தில் இரவு முழுவதும் நடப்பார்கள். ஊர்க் கோயில்களின் கொடை தேதிகளை அந்தந்த ஊரில்தான் கேட்க முடியும். மற்ற வட்டாரங்களுக்குக் காரணங்கள் வேறாக இருக்கும், ஆனால் இந்தக் கணக்கை எல்லா வட்டாரத்திலும் போட்டாக வேண்டும்.

வயக்காட்டு மண்பாதையில ஓட விடலாமா? முழங்காலுக்கும் நல்லதுன்னு சொல்றாங்க.

ஓட விடலாம், அப்போது அது மண்பாதை ஓட்டம். சாலை மாரத்தான் என்ற அங்கீகாரம் வேண்டுமானால் பாதை போடப்பட்ட சாலையாக இருக்க வேண்டும். ஆரோவில்லில் செம்மண் பாதைகளில் நடக்கும் மாரத்தான் நேரத்தைப் பெரிதாகக் கருதாதவர்களிடம் நல்ல பெயர் பெற்றிருக்கிறது, அதுவும் மதிப்புள்ள வழியே. இரண்டையும் கலப்பதில்தான் சிக்கல் வருகிறது: வரப்போரம் வண்டித்தடத்தில் இருட்டில் ஓடவிட்டால் கணுக்கால் பிசகும்.

தண்ணி எத்தனை இடத்துல வைக்கணும்? பேப்பர் கப்பு போதுமா?

விதிப்படி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஓர் இடம். நம் வெப்பத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோமீட்டருக்கு ஓர் இடம் வேண்டும் என்பது என் கருத்து. முப்பதாவது கிலோமீட்டருக்குப் பிறகு இன்னும் நெருக்கமாக வைக்கலாம். தண்ணீருடன் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த பானம், வாழைப்பழம், கடலைமிட்டாய், தலையில் ஊற்றிக்கொள்ளத் தனித் தண்ணீர் ஆகியவை இருக்கட்டும். கடைசியாக வருபவருக்கும் இவை மிஞ்சியிருக்கும்படி கணக்கிட வேண்டும்.

மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய பேப்பர் கப்புகளையும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளையும் மறந்துவிடுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் அதில் அடங்கும். வாய்க்காலில் விழுந்த கப் மடையை அடைக்கும், வயலில் விழுந்தது மாட்டின் வயிற்றுக்குள் போகும். எவர்சில்வர் டம்ளர்களும், ஓட்டக்காரரே கொண்டுவரும் மடக்குக் கோப்பையும் சரியாக வருகின்றன. டம்ளருக்காக ஐந்து நொடி நிற்பதில் யாருக்கும் நட்டமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

நாய் துரத்தினா என்ன பண்றது? அதுக்கு பயந்துதான் கிராமத்துப் பக்கம் ஓடவே போறதில்ல.

போட்டிக்கு முந்தைய வாரங்களில் அதே நேரத்தில், அதே இருட்டில், சிறு குழுவாகப் பாதையை ஓடிப் பார்க்க வேண்டும். எந்தத் தோட்டத்து வீட்டு நாய் வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். அந்த வீடுகளுக்குப் பகலில் போய், அன்று காலை மட்டும் கட்டி வைக்கும்படி கேட்டுக்கொண்டால் மறுப்பவர் மிகக் குறைவு. தெருநாய்கள் உள்ள இடங்களில் அந்தத் தெருக்காரர் ஒருவரையே தன்னார்வலராக நிறுத்துங்கள், நாய் அவர் குரலுக்கு அடங்கும்.

நாய் வந்தால் ஓடாமல் நடங்கள், முதுகைக் காட்டாதீர்கள். கடித்துவிட்டால் போட்டி அங்கேயே முடிந்தது: காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் நிலையங்களில் ஒரு சோப்புக்கட்டி இருப்பதை அமைப்பாளர் உறுதி செய்யட்டும்.

நாங்க ரோட்டுலதான் நெல்லு காயப்போடுவோம், காலையில சொசைட்டிக்குப் பால் கொண்டு போகணும். உங்க ஓட்டத்துக்காக எங்க பொழப்பு நிக்கணுமா?

நிற்கக் கூடாது, பாதையைத்தான் அதற்கேற்ப வகுக்க வேண்டும். சாலை முதலில் அந்த ஊர்க்காரர்களுடையது. பிசான அறுவடை தொடங்கிவிட்ட ஊரில், நெல் பரப்பிய சாலைப் பகுதியை விட்டு வேறு வழியைத் தேட வேண்டும். ஓட்டக்காரர்கள் அதை மிதித்துக்கொண்டு போவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். பால் கொண்டு போகிறவர்கள் ஐந்தரையிலிருந்து ஆறரை மணிக்குள் சைக்கிளிலும் பைக்கிலும் போவார்கள். அவர்களைத் தடுக்காமல், ஓட்டக்காரர்களை ஒரு பக்கமாக வைத்து, மறுபக்கத்தை விட்டுவிடலாம். அப்படிச் செய்வதானால், நான்காவது கேள்வியில் சொன்னபடி அளவையும் அந்தப் பாதி அகலத்துக்கே எடுத்திருக்க வேண்டும்.

ஊராட்சியில் அனுமதிக் கடிதம் வாங்குவதோடு நின்றுவிடாமல், டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும் ஒரு மாலை உட்கார்ந்து, சாலை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தப் பக்கம் என்று நேரில் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கோ துக்க வீட்டுக்கோ போகும் வண்டி எந்த நேரத்திலும் போகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாழைப்பழம், மோர், டம்ளர், பந்தல், சாப்பாடு ஆகியவற்றை அந்தந்த ஊரிலேயே காசு கொடுத்து வாங்கினால், அடுத்த ஆண்டு ஊரே கேட்டு நடத்தும்.

பர்மிஷன் யார்கிட்ட வாங்கணும்?

மாவட்ட ஆட்சியர், மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சாலைக்குரிய நெடுஞ்சாலைத் துறைப் பிரிவு, ஊராட்சிகள், பொது சுகாதாரத் துறை. பாதை காப்புக்காட்டைத் தொட்டால் வனத்துறை. ரயில்வே கேட் உள்ள சாலையைப் பாதையிலிருந்து நீக்கிவிடுங்கள், ஓட்டக்காரர்களுக்காக ரயில் காத்திருக்காது. குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே, சாலைப் பெயர்களும் மூடும் நேரமும் எழுதிய ஒரே வரைபடத்தை எல்லா அலுவலகங்களுக்கும் கொடுத்தால் குழப்பம் குறையும்.

யாராவது மயங்கி விழுந்தா? பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல இல்லையே.

கிராமப்புறப் பாதையில் மிகுந்த கவலையோடு திட்டமிட வேண்டியது இதுவே. ஓடிக்கொண்டிருப்பவர் தள்ளாடி, குழறிப் பேசி, தான் எங்கிருக்கிறோம் என்பதே தெரியாமல் விழுந்தால், அதை வெப்பத்தாக்கு என்றே கருதிச் செயல்பட வேண்டும். உள்ளுடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். முதலில் குளிரவைப்பது, பிறகு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது என்பதே விளையாட்டு மருத்துவத்தின் விதி. ஒரு தார்ப்பாயில் அவரைக் கிடத்தி, நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் கலந்த தண்ணீரை ஊற்றி உடலை அதில் அலசியபடி இருக்க வேண்டும். நினைவு மங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தார்ப்பாயும் ஐஸ் பெட்டியும் இருபதாவது கிலோமீட்டருக்குப் பிறகான ஒவ்வொரு நிலையத்திலும் இருக்க வேண்டும், அவற்றைக் கையாளப் பயிற்சி பெற்றவரும் இருக்க வேண்டும்.

108க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும் என்று இருந்துவிடாமல், பாதையில் இரண்டு இடங்களில் ஆம்புலன்ஸை நிறுத்திவையுங்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடங்களை முன்பே கண்டறிந்து, அங்கே பைக்கில் ஒருவரை வையுங்கள். திடீரென்று இதயம் நின்றவருக்கு உடனே மார்பை அழுத்தத் தெரிந்தவர்களும் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியும் தேவை, அதில் ஒவ்வொரு நிமிடத் தாமதமும் உயிர் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கும்.

கடைசியா வர்றவங்களுக்கு எவ்வளவு நேரம் கொடுக்கணும்?

ஆறரை மணி நேரம் நியாயமானது, அதற்கு மேல் வெயில் இடம் தராது. முடிவுக் கோட்டில் மட்டும் கட் ஆஃப், அதாவது கடைசி நேர வரம்பு, வைத்தால் போதாது. 21, 30, 36ஆவது கிலோமீட்டர்களிலும் நேரத்தை அறிவித்து, அதற்குள் வராதவர்களை மரியாதையோடு, கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வரும் ஸ்வீப் வண்டியில் ஏற்ற வேண்டும். நேர வரம்புக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கடைசி ஆள் வந்து சேரும் வரை, தண்ணீர் நிலையமோ திசைகாட்டும் தன்னார்வலரோ கலையக் கூடாது.

இவ்வளவு வளைவு, ஏற்றம் இருந்தா எனக்கு நல்ல டைம் வருமா?

மிகச் சிறந்த நேரத்துக்காக மட்டும் ஓடுகிறீர்கள் என்றால் தட்டையான நகரப் பாதைக்குப் போவது நல்லது. கலிபோர்னியாவில் கடலோர நெடுஞ்சாலையில் 1986 முதல் நடக்கும் பிக் சர் மாரத்தானில், பத்தாவது மைலுக்கு அருகே தொடங்கி இரண்டு மைல் நீளத்துக்கு ஏற்றம் இருக்கிறது. அதில் ஏறி இறங்கியதும் பாதித் தூரத்தில் பிக்ஸ்பி பாலம் வருகிறது. நேரம் கெடும் என்று தெரிந்தே உலகெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். நம் பாதைக்கும் அப்படிப்பட்ட ஓட்டக்காரர்களே வரட்டும். ஆனால் ஏற்றங்களின் வரைபடத்தைப் பதிவுப் பக்கத்தில் போடாமல் மறைப்பது தவறு.

ஒரு தடவை அளந்துட்டா எப்பவும் அதே பாதைதானே? நடுவுல ரோடு மாறிட்டா?

அளவுச் சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும், பாதையில் எதுவும் மாறாத வரையில். சாலையை அகலப்படுத்தினாலும், வளைவை நேராக்கினாலும், புதிய ரவுண்டானா வந்தாலும், மாறிய பகுதியை மீண்டும் அளந்தாக வேண்டும். நம் ஊராட்சிச் சாலைகளில் இது ஆண்டுதோறும் நடப்பதால், போட்டிக்கு ஒரு மாதம் முன்பு அளந்தவரே முழுப் பாதையையும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசி நேரத்தில் சாலையே இல்லாமல் போனால் என்ன செய்வது என்பதற்கும் திட்டம் வேண்டும். மேலே சொன்ன பிக் சர் மாரத்தானில் 2011இலும் 2024இலும் சாலை சரிந்து விழுந்ததால், ஊர்விட்டு ஊர் செல்லும் பாதையைக் கைவிட்டு, கார்மல் பக்கத்திலிருந்து போய்த் திரும்பும் பாதையில் போட்டியை நடத்தினார்கள். நமக்குக் கண்மாய் உடைப்பு, தரைப்பாலத்தில் வெள்ளம், புதிதாகத் தோண்டிய குடிநீர்க் குழாய்ப் பள்ளம் ஆகியவை அப்படிப்பட்டவை. முதல் முறை அளக்கும்போதே, மேட்டுப் பகுதியில் போய்த் திரும்பும் மாற்றுப்பாதை ஒன்றையும் அளந்து, திரும்பும் புள்ளிக்கு ஆணி அடித்து, அதற்கும் சேர்த்து அனுமதி வாங்கி வைத்துக்கொண்டால், முந்தைய நாள் மழை பெய்தாலும் தூரம் 42.195க்குக் குறையாமல் போட்டியை நடத்தலாம்.